யானைக்கு வார்த்த வாழைநார் நாற்காலி

ஒரு காட்டில், கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும் காட்டில்தான், பொன்னுரங்கம் என்றொரு கரடி பிளாஸ்டிக் நாற்காலி வார்த்துப் பிழைத்துவந்தது. அதன் பட்டறை உரிமம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கக் கொடுத்த படிவமோ உரிம அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே அதிகாரி தில்லைநாயகம், யானை. அவர் உட்காருவதற்குப் பொன்னுரங்கம்தான் நாற்காலி கொடுக்கும். வாரம் ஒன்று உடையும்.

“யோவ், உன் நாற்காலி என் இடுப்பை ஒடிச்சிடும் போலிருக்கு. இந்த லட்சணத்துக்கு உரிமம் வேற தரணுமாக்கும்” என்றார் அவர், தரையில் கிடந்தபடியே.

உரிமம் போனால் பட்டறைக்குப் பூட்டுதான். கரடி மண்டையைக் குடைந்து யோசித்து, வாழைநாரைப் பொடியாக நறுக்கி, உருகிய பிளாஸ்டிக்கில் கலந்து அச்சில் விட்டது. முதல் நாற்காலி ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. நாரில் இருந்த ஈரம் சூட்டில் ஆவியாகிக் குமிழ் விட்டிருந்தது. அவசரப்பட்டால் இப்படித்தான். அடுத்த முறை நாரை நாலு நாள் வெயிலில் முறுகக் காயவைத்து வார்த்தது. நாற்காலி பழுப்பாக, பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது. ஆனால் பொன்னுரங்கம் குடும்பத்தோடு ஏறிக் குதித்தும் அசைந்து கொடுக்கவில்லை.

அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. தில்லைநாயகம் சந்தேகத்தோடு பாதி உட்கார்ந்தார். பிறகு முழுசாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“பிரமாதம்யா.”

“சார், என் படிவம்…”

“அந்த அலமாரியில இருக்கு. நான்தான் திறக்கணும். எழுந்திரிச்சதும் பார்க்கிறேன்.”

கரடி சந்தோஷமாக வரிசையில் போய் நின்றது. மத்தியானம் போய் சாயங்காலமும் வந்தது. அதிகாரி பிடித்துவைத்த பிள்ளையாராக இருந்தார். முன்னால் நின்ற உடும்பு திரும்பிப் பார்த்தது.

“ஏம்ப்பா, அந்த நாற்காலி நீ செஞ்சதா?”

“ஆமாண்ணே” என்றது கரடி, பெருமை தாங்காமல்.

“பாவி. வாரத்துக்கு ஒரு தடவை அது உடையும், சார் விழுவார். எழுந்ததுதான் எழுந்தோம்னு அலமாரி வரைக்கும் நடந்து, நாலு பேருக்குக் கையெழுத்துப் போடுவார். அதை நம்பித்தானே நாங்க நிக்கிறோம். இது எத்தனை நாள் தாங்கும்?”

பத்து வருஷம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பொன்னுரங்கம் விழுங்கிக்கொண்டது.

மாதம் முடிந்த மறுநாள் பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். தில்லைநாயகம் இன்னும் எழுந்திருக்கவில்லை.

நீதி: சரக்கைத் தரமாகத்தான் செய்ய வேண்டும். ஆனால் கையெழுத்து கிடைக்கும்வரை அதில் அதிகாரியை உட்காரவிடக் கூடாது.