கைராசிச் சிங்கமும் கம்ப்யூட்டர் மிஷினும்

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று பட்டறை வைத்து நடத்தியது. காட்டில் எதற்குப் பட்டறை என்று கேட்காதீர்கள். காட்டில் எதற்குச் சிங்கம் என்று யாரும் கேட்டதில்லை.

அந்தச் சிங்கத்துக்கு வேலை தெரியாது. ஆனால் கைராசி உண்டு என்று அதுவே சொல்லிக்கொள்ளும். ஊருக்கெல்லாம் சொல்லுவதற்கு ஒரு நரியைச் சம்பளம் போட்டு வைத்திருந்தது. அதனால் பட்டறையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்தப் புது வேலையானாலும் சிங்கம்தான் முதலில் தொட்டுக் கொடுக்கும். இரும்பைக் குடையும் மில்லிங் மிஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றும். மேலே நிற்கும் கட்டர் இறங்கி வந்து இரும்பை லேசாகத் தொடும். நரி செல்போனில் படம் எடுக்கும். சிங்கம் செல்போனைப் பார்த்துச் சிரித்தபடியேதான் சக்கரத்தைச் சுற்றும். கட்டர் எங்கே போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. படம் நன்றாக வந்ததும் அது தூங்கப் போய்விடும். மிச்ச வேலையெல்லாம் ஓணான் தலையில்.

ஓணானுக்கு வேலை தெரியும், தலையாட்டவும் தெரியும். சம்பளம் இந்த இரண்டில் எதற்கு என்று அதற்குச் சந்தேகமே கிடையாது.

பக்கத்துக் காட்டுச் சிங்கம் தன் மிஷினுக்குக் கம்ப்யூட்டர் வைத்துவிட்டது என்று ஒருநாள் சேதி வந்தது. நம் சிங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுவாரமே மிஷினுக்குக் கம்ப்யூட்டர் பொருத்திவிட்டார்கள். கட்டர் ஏறி இறங்கும் இடத்தில் ஒரு நெம்புகோல் வந்தது. இந்தப் பக்கம் தள்ளினால் கை, அந்தப் பக்கம் தள்ளினால் கம்ப்யூட்டர்.

பொருத்த வந்த கொக்கு போகும்போது சொன்னது: "கையில சுத்தினா அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்க. கடைசியா எங்க விட்டுச்சோ, கட்டர் அங்கேயே இருக்குதுன்னு நெனச்சுக்கும். அதனால கையிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாத்தினா, முதல்ல கட்டரை உச்சி வரைக்கும் ஏத்தி, இதான் நீ கெளம்புற இடம்னு அதுக்கு ஹோம் காட்டணும். மறந்துடாதீங்க."

சிங்கமும் நரியும் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தன. ஓணான் மட்டும் தலையாட்டியது.

அந்தக் கோடையில் ஓர் எருமை கம்ப்யூட்டருக்கு முதல் வேலை கொண்டுவந்தது. அதன் மந்தை குடிக்கும் குட்டைக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் மூடி உடைந்துவிட்டது. புதிதாக வார்த்த மூடி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்திருந்தது. நடுவில் அளவாக ஒரு துளை போட வேண்டும், அவ்வளவுதான்.

"சாமி, இது போச்சுன்னா மழை வர்ற வரைக்கும் புதுசா வேற வார்க்க முடியாதுங்க. கன்னுக் குட்டிங்க நாக்கு வறண்டு கிடக்குதுங்க" என்றது எருமை.

"நான் தொட்டுக் குடுக்கறேன், கவலைய விடு" என்றது சிங்கம்.

நெம்புகோலைக் கைப்பக்கம் தள்ளியது. செல்போனைப் பார்த்துச் சிரித்தது. சக்கரத்தைச் சுற்றியது. கட்டர் இறங்கி இரும்பின் மேல் உட்கார்ந்தது. நெம்புகோலை மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிட்டு, "ம், ஓட்டு" என்றது.

ஓணான் வாயைத் திறந்தது. முதலாளி தொட்டுக் கொடுத்ததை மறுபடி மேலே ஏற்றுவதா? நரி பார்க்கிறதே. ஓணான் வாயை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கியது.

கட்டர் இன்னும் உயரத்தில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருந்தது. உயரத்திலிருந்து எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவையும் அது அப்படியே இறக்கியது. மூடி இரண்டாகப் பிளந்தது. எருமை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

விசாரணை நடந்தது. ஓணான் மெல்ல, "ஐயா, நீங்க சுத்தினது அதுக்குத் தெரியலீங்க" என்றது.

சிங்கம் பிடரியைச் சிலிர்த்தது. "என்னடா சொல்ற? நான் சுத்தினது காட்டுக்கே தெரியுது. என் பட்டறையில, என் காசுல வாங்கின பெட்டிக்குத் தெரியாதா?"

"அதானே!" என்றது நரி. "ஐயா கையில தப்பு வராது. கம்ப்யூட்டர்லயும் தப்பு வராது. அப்ப மிச்சம் யாரு?"

எல்லாரும் எருமையைப் பார்த்தார்கள். ஓணானும் பார்த்தது, கொஞ்சம் நிம்மதியோடு. எருமைக்கு ராசி சரியில்லை என்று தீர்ப்பானது. எருமையும், இத்தனை பேர் சொல்கிறார்களே என்று, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது. இந்த மாதிரி எருமைகள் இருக்கும்வரை சிங்கங்களுக்கு என்ன கவலை?

மந்தை வேறு வழியில்லாமல் இன்னொரு குட்டைக்குப் போனது. இத்தனை வாய்க்கும் சேர்த்து இறைத்து இறைத்து அந்தக் குட்டையின் பம்பு மூடியும் உடைந்தது. காட்டில் மீதி இருந்த ஒரே பழைய வார்ப்பைத் தேடி எடுத்துக்கொண்டு எருமை மறுபடி பட்டறைக்கு வந்தது.

"இது எந்தக் குட்டைக்கு?" என்று ஓணான் கேட்டது.

"வேலிக்குப் பக்கத்துலே இருக்குதே, அதுக்குத்தானுங்க."

ஓணானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஓணான் குடிக்கும் குட்டை. முதல் மூடி உடைந்தபோது வராத மனசாட்சி இப்போது ஓடோடி வந்தது. சிங்கம் எழுந்து வருவதற்குள், ஓணான் கட்டரை உச்சிக்கு ஏற்றி ஹோம் காட்டிவிட்டு, சக்கரத்தை உள்ளே இருக்கும் தண்டோடு பிணைத்திருந்த ஊசியைக் கழற்றி எறிந்தது. இனி சக்கரம் சுற்றும், கட்டர் அசையாது.

சிங்கம் வந்தது. நெம்புகோலைத் தள்ளியது, சிரித்தது, சுற்றியது.

"என்னடா, இன்னிக்கு லேசா இருக்குது?"

"உங்க கை பழகிடுச்சுங்க ஐயா" என்றது ஓணான்.

சிங்கம் பூரித்துப்போய், முன்பைவிட நாலு சுற்று அதிகமாகச் சுற்றியது. கட்டர் இருந்த இடத்திலேயே நின்றது. நெம்புகோலை மாற்றிவிட்டுச் சிங்கம் ஒதுங்கியதும் ஓணான் பொத்தானை அமுக்கியது. கம்ப்யூட்டர் தன் கணக்குப்படி இறக்கி, தன் கணக்குப்படி ஏற்றியது. துளை அச்சாக விழுந்தது. எருமை சிங்கத்தின் காலில் விழுந்து அழுதது.

அன்று மாலையே குட்டையில் தண்ணீர் வந்தது. கரையில் எருமைகள் ஒரு கல் நட்டு, அதில் சிங்கத்தின் கையைச் செதுக்கி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தன. பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் கும்பிட வந்தார்கள். பட்டறை வாசலில் வேலைகள் குவிந்தன. சிங்கம் நாளெல்லாம் சக்கரத்தைச் சுற்றிக் களைத்தது. அந்த வருடம் பட்டறையில் ஒரு வேலைகூடக் கெடவில்லை.

ஓணான் ஒருநாள் தாகத்தோடு குட்டைக்கு வந்தது. எருமை வழிமறித்தது.

"வரிசையில வாங்க. சிங்கம் ஐயா கை வச்ச தண்ணி இது, சும்மா வந்து குடிச்சிட்டுப் போக முடியாது. முதல்ல கல்லைக் கும்பிடுங்க."

"அந்த ஊசியக் கழட்டினதே நான்தானுங்க" என்றது ஓணான்.

"எந்த ஊசி?" என்று கேட்டது எருமை.

முழுவதையும் சொன்னால் நாளைக்கே சக்கரத்தில் ஊசியை மாட்டிவிடுவார்கள், அடுத்த முறை மூடி உடைந்தால் குட்டை வற்றிவிடும். ஓணான் கல்லைக் கும்பிட்டுவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றது.

நீதி: பெரியவர்கள் கையைப் பிடித்துத் தடுக்காதீர்கள், அவர்கள் சுற்றும் சக்கரத்தைக் கழற்றி விட்டுவிடுங்கள். தாகம் எடுத்தால், அந்தக் கையைக் கும்பிட்டுவிட்டுக் குடியுங்கள்.