அண்ணனின் கெட்ட பழக்கங்கள்

“கூட யாரு வந்திருக்கா?” என்று நர்ஸ் கேட்டதும் தையற்காரர் திருதிருவென்று விழித்தார்.

குடல் பரிசோதனைக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொந்தக்காரர் இல்லையென்றால் தொடவே மாட்டார்கள். முன்பு ஒருமுறை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். மலத்தில் ரத்தம் வந்ததைச் சொல்லி அழக்கூட வீட்டில் ஆளில்லாத மனுஷர், சொந்தத்துக்கு எங்கே போவார்? எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தார்.

“நான் இவர் தம்பிங்க,” என்றார் எலக்ட்ரீஷியன், கொஞ்சமும் கூசாமல்.

அப்பாடா என்றிருந்தது தையற்காரருக்கு. நர்ஸ் பேனாவை எடுத்தாள்.

“குடும்பத்துல யாருக்காவது குடல்ல கட்டி, பாலிப்னு சதை வளர்ச்சி, ஏதாவது?”

“இல்லம்மா.”

“என்னண்ணே மறந்துட்டீங்க? அப்பா குடல் புத்துநோய்லதானே போனாரு!”

தையற்காரரின் அப்பா பழுத்த கிழமாகித் தூக்கத்தில் போனவர். மறுத்தால் தம்பி உறவு பல்லிளித்துவிடும்.

“ஆமாம்மா. நினைச்சா தாங்காது, அதான் சொல்லல.”

“சிகரெட்?”

“பக்கத்துலயே போகமாட்டேன்.”

“பொய் சொல்லாதீங்கண்ணே. டீ குடிச்சா ஒண்ணு, குடிக்கலைன்னா ரெண்டு!”

“கொஞ்சம்… உண்டு,” என்றார் தையற்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு.

“குடி?”

“ராத்திரி தனியா இருக்க முடியலைன்னு குடிப்பாருங்க. ரெண்டு வேளையும் கடைக் கறிதான். சமைச்சுப் போட யாரு இருக்கா?”

நர்ஸ் தையற்காரரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏம்ப்பா என் மானத்தை வாங்குற?” என்று தையற்காரர் தம்பியின் காதைக் கடித்தார்.

“எல்லாத்தையும் சொன்னாத்தானேண்ணே சரியா சொல்வாங்க?” என்ற எலக்ட்ரீஷியன், நர்ஸ் பக்கம் திரும்பினார். “இதெல்லாம் இருந்தா ரொம்ப ஆபத்தா சிஸ்டர்?” குரல் கம்மியிருந்தது.

“பாலிப் வர வாய்ப்பு அதிகம். சீக்கிரமே பார்த்து எடுத்துட்டா பயமில்ல.”

செய்யாத தப்புக்கெல்லாம் பழி சுமந்தும் தையற்காரருக்குக் கோபம் நிலைக்கவில்லை. தனக்காக ஒருவர் குரல் கம்மிப் பேசிக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. பொய்த் தம்பிதான், ஆனாலும் இதமாக இருந்தது.

மயக்கம் தெளிந்ததும் டாக்டர் வந்தார். “வெறும் மூலம்தான். குடல் சுத்தமா இருக்கு. குடியை மட்டும் விட்டுடுங்க.”

அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் வேண்டும் என்று கண்கள் எலக்ட்ரீஷியனைத் தேடின. நாற்காலி காலியாக இருந்தது. அவ்வளவுதான் ஒட்டுதல் என்று நினைத்துக்கொண்டார்.

“என் தம்பியைப் பாத்தீங்களா?” என்று தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டார்.

“அவரா? அப்பாவுக்கு வந்த புத்துநோய் தனக்கும் வந்துடுமோன்னு போன வாரம் இதே சோதனைக்கு வந்து, துணைக்கு ஆளில்லாம திரும்பிப் போனாரு பாவம். இப்ப, ‘துணைக்கு எனக்கு அண்ணன் இருக்காரு’ன்னு சொல்லி உள்ள தேதி வாங்கிட்டிருக்காரு!”