மரபொலிச் சான்றிதழ்

பழைய வாகனங்களின் மாண்பைக் காக்க ஒரு வாரியம் அமைந்ததில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. அறுபது வயதைக் கடந்த மோட்டார் சைக்கிள் அங்கே மரபுச் சான்றிதழ் பெற வேண்டும். பெறாவிட்டால் பழைய இரும்புக்குப் போக வேண்டும். வயதான மனிதர்களை அரசாங்கம் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

ஸ்ரீரங்கம் அழகியமணவாளனிடம் அப்பா விட்டுப்போன சீமை வண்டி ஒன்று இருந்தது. அப்பா விட்டுப்போனவற்றில் விற்க மனம் வராதது அது ஒன்றுதான். அதன் சைலன்சர் துருப்பிடித்துக் காவிரிப் பாலத்தில் கழன்று விழுந்தது. செய்த கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது. காட்டூரில் பட்டறை வைத்திருக்கும் பிச்சைமுத்து, பைப்பில் மணலை அடைத்துக் காய்ச்சி வளைத்து, புதிதாக ஒன்று செய்து கொடுத்தார்.

"சத்தமே வரப்படாது" என்று அழகியமணவாளன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் தெருவின் இரைச்சல் எதிர்ப்புச் சங்கத் தலைவர். குக்கர் விசிலுக்கு எதிராகவே மனு எழுதியவர்.

சான்றிதழுக்குக் கொண்டுபோன வண்டியை வாரியத் தலைவர் அருள்ராஜ் சுற்றி வந்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஓடிண்டுதான் இருக்கு சார்."

"எங்க ஓடுது? எனக்குக் கேக்கலையே."

"கையை வச்சுப் பாருங்கோ, அதிர்றது."

"விதியில கைக்கு இடமில்லைங்க. காதுக்குத்தான். மரபொலி இல்லாதது மரபு வண்டி ஆகாது."

"மரபொலின்னா?"

"வாங்கின புதுசுல எப்படிச் சத்தம் போட்டுச்சோ, அப்படி."

"அது யாருக்கு சார் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதனாலதான் நிபுணர் குழு போட்டிருக்கோம்."

குழு கூடியது. நிபுணர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் வண்டி ஓட்டினார்கள். அருள்ராஜ் தம் மாமனார் வண்டியை நினைத்து 'டும்... டும்...' என்றார். லிசி மேடம், தம் பெரியப்பா வண்டி 'தடதட' என்றுதான் போகும் என்று கண்கலங்கினார். மூன்றாமவர், "நடுவுல ஒரு வெடி வெடிக்குமே, அதை விட்டுட்டீங்களே!" என்று வருத்தப்பட்டார். எவர் நினைவும் புண்படக் கூடாதென்று, மூன்றும் சேர்ந்ததே மரபொலி எனத் தீர்மானம் நிறைவேறியது.

பட்டறையில் பிச்சைமுத்து தலையைச் சொறிந்தார். "வெடிக்கிறது கோளாறுங்களே."

"கோளாறுதான். ஆனா மரபுக் கோளாறு!" அழகியமணவாளன் கண்முன் பழைய இரும்புக்கடைத் தராசு ஆடியது. "போடுங்கோ சைலன்சர்ல ஓட்டையை!"

வண்டி வாரிய வாசலில் வெடித்தது. புறாக்கள் பறந்தன. குழு எழுந்து நின்று கைதட்டியது. சான்றிதழ் கிடைத்தது.

பட்டறை வாசலில் பிச்சைமுத்து பலகை மாட்டினார்: 'வாரியம் அங்கீகரித்த மரபொலி சைலன்சர், அழகியமணவாளன் மாடல்.' போன மாதம் வாங்கிய வண்டிக்குப் பாட்டன் காலத்துச் சத்தம் கேட்டு, மலைக்கோட்டையிலிருந்தும் திருவானைக்காவலிலிருந்தும் பையன்கள் வந்து நின்றார்கள். தெருவில் மரபு ஓயாமல் வெடித்தது.

சங்கம் கொதித்தெழுந்தது. வாரியத்தை நோக்கி ஊர்வலம் கிளம்பியது. தலைவர் தம் வண்டியில் முன்னால் போனார்; உறுப்பினர்கள் அவரவர் பிள்ளைகளின் வண்டியில் பின்னால் வந்தார்கள். கோஷம் போடுவது வாயசைவில் தெரிந்தது.

பின்சீட்டிலிருந்த மனைவி வேதவதி அவர் காதில் கத்தினாள்: "ஏன்னா, நான் எறங்கிக்கறேன். அணைச்சுட்டுத் தள்ளிண்டு வாங்கோளேன்!"

"அணைச்சா மரபொலி இல்லேன்னு வண்டியைப் பிடுங்கிண்டுடுவாடி!"

வாசலுக்கு வந்த அருள்ராஜ் காதில் கையைக் குவித்துக் கேட்டார். அழகியமணவாளன் மனுவை உயர்த்திக் காட்டினார். அருள்ராஜ் அந்தக் கையைச் சுட்டி, இல்லையென்று தலையாட்டி, தம் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

மாலையில் வாரியம் அறிவித்தது: 'கோரிக்கை எதுவும் காதில் விழவில்லை. வண்டிகள் மட்டும் தெளிவாகக் கேட்டன. ஒலி மரபாக இருப்பதால் வண்டிகளும் மரபே. வயதைப் பாராமல் அனைத்துக்கும் சான்றிதழ் வழங்கப்படும்.'

மறுநாள் சங்கத்தார் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். திரும்பும்போது ஒருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவில்லை.