சாப்பாட்டு மேசையில் ஒரு நகராட்சி

நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதருக்குப் பல நோய்கள் வரலாம். என் அப்பா ராஸுக்கு பிளாஸ்டிக் கட்டை வந்தது.

பரணைச் சுத்தம் செய்ய ஏறியவர், சின்ன வயதில் கட்டி விளையாடிய கட்டை டப்பாவோடு இறங்கினார். அன்றுமுதல் எங்கள் ஊர், அதாவது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பெல்மோர், சாப்பாட்டு மேசைமேல் எழும்பத் தொடங்கியது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். தெரியாத்தனமாக ஒருநாள் "பொம்மை" என்றுவிட்டேன்.

"பொம்மை இல்லடா, மாடல்! பெரியவங்க சமாச்சாரம்!" என்றார் அப்பா, மேசைக்கடியில் தவழ்ந்தபடி. "ஐயோ, அந்தச் சின்னச் சிவப்புக் கட்டையைப் பாத்தியா?"

பார்த்தேன். என் உள்ளங்காலில் இருந்தது.

எதிர்வீட்டு லோர்னா விக்ஸ்ட்ரம் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஊர் நூலகத்து வாசலிலோ படிகள். நாற்காலி ஏற ஒரு சாய்தளம் வேண்டுமென்று அவர் நகராட்சிக்குப் போனில் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, அந்தக் கத்தலை அவர் குரலிலேயே அவரைவிட நன்றாகக் கத்துவேன் நான். அப்பா மனமிரங்கி மாடல் நூலகத்துக்கு ஒரு சாய்தளம் வைத்தார்.

லோர்னாவின் புகாரை விசாரிக்க வந்த நகராட்சிப் பொறியாளர் ஸ்டெங்கல், எங்கள் மேசையைப் பார்வையிட்டார். முழுக்க மூக்கால் பேசுபவர்.

"இது நம்ம நூலகம்தானே?"

"ஆமா சார்."

"சாய்தளம் இருக்கே?"

"இங்க இருக்கு சார். அங்கதான் இல்ல."

"குழப்பாதீங்க. இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

படம் பிடித்துக்கொண்டு போனார். 'மேற்படி குறைபாடு உரிய முறையில், உரிய வண்ணத்தில் நிவர்த்தி செய்யப்பட்டது' என்று அறிவிப்பு வந்தது. அப்பாவுக்கு 'கௌரவ நகர நிர்மாணி' பட்டமும் ஒரு பேட்ஜும். பேட்ஜைக் குத்திக்கொண்டே குளிக்கப் போனார்.

பிறகு ஊர்க் குறைகள் மளமளவெனத் தீர்ந்தன. ரோட்டுப் பள்ளமா? சாம்பல் நிறக் கட்டை. தெருவில் பனி அள்ளவில்லையா? மாடல் தெருவில் பனியாக வைத்திருந்த வெள்ளைக் கட்டைகளை அப்பா பிடுங்கினார். தெரு பளிச்சென்று ஆனது. வெளியே இடுப்பளவு பனி.

"நான் எப்பய்யா நூலகத்துக்குள்ள போறது?" என்று லோர்னா ஸ்டெங்கலிடம் போனில் கேட்டார்.

ஸ்டெங்கல் எங்கள் வீட்டுக்கு வந்து, போனைக் காதில் வைத்தபடியே, சக்கர நாற்காலிப் பொம்மை ஒன்றை மாடல் நூலகத்துக்குள் வைத்தார். "போயிட்டீங்க மேடம்."

எனக்குப் பொறுக்கவில்லை. மாடல் சாய்தளத்தைப் பிடுங்கி சாக்ஸுக்குள் ஒளித்தேன். லோர்னாவின் குரலிலேயே நகராட்சிக்குப் போன் போட்டேன்: "யோவ், சாய்தளத்தைக் காணோம்யா!"

இதையாவது கேட்டு வெட்கப்பட்டு, நிஜ நூலகத்துக்கு ஓடுவார்கள் என்று நினைத்தேன். சைரன் அலற எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மேசையைச் சுற்றி ஆரஞ்சுக் கூம்புகள். தலைக்கவசத்தோடு ஒரு படையே புதுச் சாய்தளக் கட்டை ஒன்றைத் தூக்கியது.

"இடது பக்கம்... மெதுவா... இறக்கு!"

டக்.

தெருவே திரண்டிருந்தது. கேக் வெட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான், அத்தனை நேர்த்தி!

"லோர்னா எங்க?" அப்பா தேடினார். "அவங்களுக்காகத்தானே இவ்வளவும்!"

ஜன்னல் தட்டப்பட்டது. வெளியே, தானே பனியை வாரி வழிசெய்துகொண்டு வந்த லோர்னா. எங்கள் வாசலில் மூன்று படிகள். இத்தனை வருஷமாக எதிர்வீடு. எங்களில் ஒருவர் கண்ணிலும் அவை பட்டதில்லை.

"நான் பேசினேன்னு நகராட்சியில சொல்றாங்க! எவன்டா என் குரல்ல போன் போட்டது? உள்ள வந்து காதைத் திருகணும்டா! எப்படிடா வர்றது?"

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க லோர்னா! இதோ, ஒரே நிமிஷம்!"

கட்டை டப்பாவைக் கிளறும் சத்தம் கேட்டது.