மெஸ் சித்தப்பாவின் சைவ சாசேஜ்

சிராங்கூன் ரோட்டில் மெஸ் சித்தப்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவரைத் தங்கள் சொந்தக்காரர் என்று ஒப்புக்கொண்டவர்களும் கிடையாது. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, அதுவும் எங்கள் மாடிவீட்டிலேயே இருந்தவர் என்பதால், எனக்கு மட்டும் அந்த வசதி இல்லாமல் போயிற்று.

சாங்கியில் வெள்ளைக்கார ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் அவருக்குச் சமையல் வேலை. அதனால் பெயரே மெஸ். ஐம்பதுகளின் கடைசி அது. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத அந்த மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம், மெஸ்ஸில் கற்றுக்கொண்ட சாசேஜ் சீஸ் உருண்டையை வீட்டில் செய்வது. அதையும் ஆரம்பத்திலிருந்து தானே செய்ய வேண்டும். சீஸ் டின்னில் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் முகத்தைச் சுளிப்பார்.

"டின்னுல இருக்கறது எப்பவோ செத்துப்போனது லா. நம்ம கண்ணு முன்னால பால் திரியணும். அதான் சீஸ்."

பால் வாங்கிக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து திரித்து, தன் பழைய வேட்டியில் மூட்டை கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவார். கீழே நடைபாதையில் கிளி ஜோசியர் கடை விரித்திருப்பார். சொட்டுகிற புளித்த தண்ணீர் நேராக அவர் தலையில் விழும். ஊருக்கெல்லாம் வருங்காலம் சொன்ன அவருக்கு இது மட்டும் ஒரு நாளும் முன்கூட்டித் தெரிந்ததில்லை.

சாசேஜ் இதைவிட மோசம். அதன் தோலுக்காக தேக்கா பசாரில் ஆட்டுக்குடலாகத் தேடி வாங்குவார். "வீட்ல எத்தன நாய் வளக்குறீங்க?" என்று ஒரு நாள் கறிக்கடைக்காரர் கேட்டார். பக்கத்தில் கூடையோடு நின்ற நான்தான் அந்த நாய் என்று எப்படிச் சொல்வது? கழுவிய குடலை வாயால் ஊதி ஓட்டை பார்ப்பார். பிறகு துணி காயப்போடும் மூங்கில் கழியில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். என் தாவணிக்கும் அப்பாவின் சட்டைக்கும் நடுவில் அது காற்றில் ஆடும். நான் அப்போது பள்ளிக்கூட டீச்சர். கூட வரும் டீச்சர்கள் தெருமுனையிலேயே நிமிர்ந்து பார்த்து, "யார் வீட்ல பலூன் கட்டியிருக்காங்க?" என்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து ஆச்சரியப்படுவேன்.

கொத்துக்கறியில் சோம்பும் மிளகும் சேர்த்து, புனல் வைத்துக் குடலில் அடைத்து, வேகவைத்துத் துண்டு போடுவார். ஒவ்வொரு துண்டையும் கீறி, உள்ளே சீஸ் வைத்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிப்பார். அதன் ருசியைப் பற்றிச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அபாரமாக இருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தின்போம்.

தை பிறந்த கையோடு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிளார்க். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது, வெளியே சொல்லவில்லை. அவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதத்தில் இருந்தார். வீட்டில் எல்லோருமே இப்போது சைவம்தான் என்று அவர் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மா சித்தப்பாவைக் கூப்பிட்டார். "தம்பி, இன்னைக்கு ஒரு நாள் கறி கண்ணுல படக்கூடாது. புள்ளயோட வாழ்க்கை."

"ஒரு பொட்டு கறி இருக்காது அண்ணி. என் மேல சத்தியம்."

சத்தியத்தைக் காப்பாற்றினார். அதுதான் வினையாகப் போயிற்று.

நான் காபி கொண்டுவந்தபோது, மெஸ்ஸில் போடும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பின்னாலேயே அவரும் வந்தார். கையில் தட்டு நிறைய பொன்னிற உருண்டைகள். அம்மாவின் முகம் வெளுத்தது.

"பயப்படாதீங்க அண்ணி. வாழப்பூ, கடலப்பருப்பு, வீட்ல செஞ்ச சீஸ். சுத்த சைவம்."

அம்மாவுக்கு மூச்சு வந்தது. மாப்பிள்ளை ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். அவர் அம்மாவும் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப நல்லாருக்குங்க," என்றார் மாப்பிள்ளை. "மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கே, அது என்ன?"

சித்தப்பாவின் வேலையைப் பற்றி அதுவரை யாரும் அவரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டதில்லை. மனிதர் பூரித்துப்போனார்.

"ஆட்டுக்குடல் தம்பி. நல்ல எளங்குடல். கல்லுப்பு போட்டுத் தேச்சுக் கழுவினேன். உள்ளதான் சைவமா வச்சிட்டேன். தோல் இல்லாம சாசேஜ் நிக்காதுல்ல?"

மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார். அவர் அம்மா "முருகா" என்றார், அவ்வளவுதான். சற்று நேரத்தில் எல்லோரும் படியிறங்கிப் போய்விட்டார்கள். காபித் தட்டோடு நின்ற எனக்கு மானம் போய் உயிர் மட்டும் மிச்சமிருந்தது.

"குடலும் கறியில சேத்தியா அண்ணி?" என்று சித்தப்பா கேட்டார். அவருக்குக் கறி என்றால் உள்ளே இருப்பது, குடல் என்பது அதை வைக்கும் பாத்திரம். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

மறுநாளிலிருந்து மூங்கில் கழியில் துணி மட்டும்தான் காய்ந்தது. சித்தப்பா ரசம் சோற்றைத் தவிர எதையும் தொடவில்லை, எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை.

தைப்பூசத்தன்று அம்மாவும் நானும் சிராங்கூன் ரோட்டோரம் நின்றிருந்தோம். கூட்டத்தில் மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் பால்குடத்தோடு, வெறுங்காலில் சித்தப்பா வந்தார். கோயில் வாசலைக்கூட மிதிக்காத மனிதர். அம்மா ஓடிப்போய், "யாருக்குத் தம்பி நேர்ந்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"அந்தப் பையனுக்கு. அவரு விரதம் என்னாலதான கெட்டுச்சு. சாமி கோவிச்சா என்னைக் கோவிச்சுக்கட்டும்." கண்ணை மேலே உருட்டிக் குடத்தைப் பார்த்தார். "வெயில் ஏறுது அண்ணி. பால் திரிஞ்சிடக் கூடாதேன்னுதான் பயமா இருக்கு."

அவருக்குப் பின்னால் வந்த காவடி அந்த மாப்பிள்ளையுடையது. கூடவே மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்த அவர் அம்மா, சித்தப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு முன்னால் வந்து, செம்புத் தண்ணீரைச் சித்தப்பாவின் காலில் ஊற்றினார்.

"பொண்ணுக்கு வேற எடம் பாத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

சித்தப்பாவுக்குத் தலையைக் குனிய முடியவில்லை, குடம் இருந்தது. "இன்னும் பாக்கலம்மா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நானும் அந்த வீட்லதான் இருக்கேன்."

"தெரியும். அதனாலதான் கேக்குறேன்."

வைகாசியில் கல்யாணம். சித்தப்பா வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றார். நான் ஆள் விட்டு அழைத்துவந்து, மணமேடையில் என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். சமையல்கட்டுப் பக்கம் அவர் போய்விடாமலிருக்கத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், அன்றைக்கு வந்த அத்தனை பேரும் அவர் என் சித்தப்பா என்று பார்க்க வேண்டும்போல எனக்கு இருந்தது.