சும்மா வரும் பேய்

"கையை நீட்டும்மா. ஆடுது பாத்தியா?"

"ஆடுதுங்க சாமி."

"சோம்பல் பேய். உள்ளங்கையிலயே குடித்தனம் வச்சிருக்கு."

இஸ்திரி போடுகிறவள் தன் உள்ளங்கையை உற்றுப் பார்த்தாள். பத்து வருடக் காய்ப்பு தெரிந்தது. பேய் தெரியவில்லை. கைக்கு மேலே நூலில் கட்டிய மோதிரம் ஊசலாடிக்கொண்டிருந்தது. நூலின் மறுநுனி மோதிரச் சாமியின் விரலில் இருந்தது. அந்த விரலை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

லாண்டரியின் முன்னறையில் தொடங்கிய வரிசை தெருமுனைவரை நீண்டிருந்தது. காரணம், நகராட்சி கொடுத்த ஒரு படிவம். இந்த வட்டாரத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும், ஏழை பணக்காரர் பார்க்காமல், வேலை உண்டா என்று கேட்காமல், மாதாமாதம் அடிப்படை வருமானம். ஒரு வருடச் சோதனை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி.

ஜனங்கள் சோம்பேறி ஆவார்களா, மாட்டார்களா என்று அறிஞர்கள் இரண்டு மாதமாகத் தொலைக்காட்சியில் கத்திக்கொண்டிருந்தார்கள். சாமிக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. "சும்மா வர்ற காசு சும்மா வருமா? பேயோட வரும்!" பேய் இருப்பவர்கள் படிவத்தை அவர் பையில் போட்டுவிட வேண்டும். நாற்பது நாள் புகை காட்டித் திருப்பித் தருவார். இன்றோடு தேதி முடிகிறதே என்று ஒருவர் கேட்டார். பேய் தேதி பார்க்காது என்றார் சாமி. கேட்டவர் பயபக்தியோடு தலையாட்டினார்.

மோதிரம் ஆடாத கை ஒன்றே ஒன்றுதான்: லாண்டரி முதலாளியின் கை. லாண்டரி அவருக்கு அப்பாவிடமிருந்து சும்மாதான் வந்தது. அந்தச் சும்மாவுக்குப் பேய் கிடையாதாம். அதற்குப் பெயர் பரம்பரைச் சொத்து. சாமிக்கு முன்னறையைக் கொடுத்தவரும் அவரே. கடையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, நின்று வேலை செய்தால்தான் சுறுசுறுப்பு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் காசு வந்தா யாரு துணி தேய்ப்பா?" என்றார்.

"நல்ல கூலி குடுக்கிற கடையில நாங்களே தேய்ப்போம்" என்றாள் பொத்தான் தைப்பவள். இஸ்திரி போடுகிறவளின் நாத்தனார்.

"சும்மா இருடி" என்றாள் இஸ்திரி போடுகிறவள். பணம் வந்தால் மாலை ஷிப்டை விட்டுவிடலாம், வீங்கிய காலை நீட்டலாம் என்று கனவு கண்டவள், இப்போது படிவத்தைப் பையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் பொறுங்க. சாமி, கையுறை போட்டா பேய் தெரியுமா?"

"பேய்க்கு ஏதும்மா தடை? சுவருக்குப் பின்னாடி நின்னாலும் தெரியும்."

இதைத்தான் அவள் எதிர்பார்த்தாள். கடையின் உட்பக்கம் சாமிக்குத் தெரியாதபடி, துவைத்த படுக்கை விரிப்பு ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு அதன் பின்னால் போனாள். விரிப்பின் ஓரத்தில், சலவைக்காரர்கள் போடும் ரப்பர் கையுறையோடு ஒரு கை வெளியே வந்தது. மோதிரம் குதித்து ஆடியது.

"அடேயப்பா! பிறந்ததுலேருந்து ஒரு துணிகூட மடிச்சிருக்காத கை! பெரிய பேய்!"

விரிப்பை விலக்கினாள். முதலாளி.

"'உங்க கைதான் சுத்தமான கை, நீங்க காட்டினாத்தான் ஜனங்க நம்புவாங்க'ன்னு முதலாளிகிட்ட சொன்னேன். பாவம், வந்துட்டாரு" என்றாள் பொத்தான் தைப்பவள்.

விரிப்பு மறுபடி மூடியது. இன்னொரு கையுறை வந்தது. சாமிக்கு வியர்த்தது. மோதிரம் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"பேயே இல்ல. அபாரமான உழைப்பாளி. இந்தக் கைக்குப் பெரிய எதிர்காலம் இருக்கு."

விரிப்பை விலக்கினாள். துடைப்பக் கட்டையின் நுனியில், கந்தல் அடைத்த கையுறை.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு வரிசையே சிரித்தது. சாமி பையைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடிய வேகத்தைப் பார்த்தால், அவரிடம் சோம்பல் பேய் இல்லை என்பது மட்டும் உறுதி.

மணி நாலரை. ஆளாளுக்குப் பையில் கைவிட்டுத் தங்கள் படிவத்தைத் தேடினார்கள். இவ்வளவு நேரமும் மோதிரம் ஆடியதை எல்லோரும் பார்த்தார்கள். விரல் ஆடியதைப் பார்க்க ஒருத்திக்குத்தான் தோன்றியது. கண் எல்லோருக்கும் சும்மாதான் கிடைத்திருக்கிறது ஐயா, கொஞ்சம் பயன்படுத்தினால் என்ன?

இஸ்திரி போடுகிறவள் மேசைமேல் படிவத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டாள். மடித்து, நகராட்சியில் சேர்க்கச் சொல்லி நாத்தனாரிடம் கொடுத்து அனுப்பினாள். இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தவள், எடுத்த இடத்திலேயே நின்றாள்.

"முதலாளி, அந்த நாற்காலிய இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுறீங்களா? உக்காந்து தேய்க்கணும்."