என் மனைவி எனக்கு அம்மாவான கதை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நாங்கள் நலம். கடல்காற்றும் கப்பல் சாப்பாடும் உங்கள் உடம்பைப் படுத்தாமல் வைத்திருக்கும் என்று நம்புகிறேன். துறைமுகத்தில் இறங்கியதும் நீங்கள் போட்ட தபால் அட்டை வந்து சேர்ந்தது. "என் தங்கச்சி அங்க வந்தாளா இல்லையா, ஒரே வரியில பதில் போடுங்க" என்று கேட்டிருந்தீர்கள். ஒரே வரியில் பதில்: வந்துவிட்டாள், மகளும் வந்துவிட்டாள். ஆனால் இதோடு நிறுத்தினால் எனக்குச் சோறு இறங்காது. நீங்கள் கப்பல் ஏறிய பிறகு நடந்ததை முழுசாகச் சொன்னால்தான் மனசு ஆறும். பொறுமையாகப் படிக்கவும்.

பேக்கரி அடுப்பு முன்னால் நின்று வேர்த்து வேர்த்து, குடும்பத்தை இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ளும் தகுதி எனக்கு வந்ததும் குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டேன் இல்லையா, அதில் மனைவி, மகள் என்று தெளிவாகத்தான் எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்று உங்கள் தங்கை சொல்வாளே என்று பயந்து, முதலாளியின் மகளிடம் கெஞ்சி டைப் அடித்தே கொடுத்தேன். பல மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. என் தாயாரின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறதாம். தாயார் என்னைவிட நான்கு வயது இளையவராக இருப்பது எப்படி என்று நான் விளக்க வேண்டுமாம். என் தங்கையை அழைத்துவர இந்தப் பிரிவில் இடமில்லையாம். எனக்கு ஏது தங்கை என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். பிறகுதான் விஷயம் உறைத்தது. அங்கே யாரோ ஒருவர் மனைவி என்று தட்ட வேண்டிய இடத்தில் தாய் என்று தட்டிவிட்டார். அவள் எனக்குத் தாயானதும், அவள் பெற்ற பெண் எனக்குத் தங்கையாகிவிட்டாள். அந்தக் கணக்கில் நீங்கள் எனக்குத் தாய்மாமன். உங்கள் கல்யாணத்தில் நான் அடித்த கிண்டலுக்கெல்லாம் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். மூன்றாம் ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார்.

"இவங்க என் மனைவிங்க. அம்மா இல்ல."

"கம்ப்யூட்டர்ல அம்மான்னு இருக்கே."

"அது தப்பா ஏத்திட்டாங்க."

"தப்புன்னா திருத்திடலாம். ஆனா தாயார் பேர்ல இருக்கிற பதிவைத் திருத்த, தாயார்தான் வந்து கையெழுத்துப் போடணும்."

"அவ தாயாரே இல்லையேங்க."

"அப்போ அவங்க போட முடியாது."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். "எனக்கே பாவமாத்தான் இருக்கு" என்று சொல்லி, மேஜை டிராயரிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நானும் சும்மா இருக்காமல் புத்திசாலித்தனமாக எங்கள் கல்யாணச் சான்றிதழை அனுப்பிவைத்தேன். அதற்கு வந்த பதிலை இரண்டு முறை படித்தேன். பெற்ற தாயை மணந்திருப்பது தெரியவந்துள்ளதால் என்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். முதலாளியிடம் காட்டினேன். அவர் ரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குளிர்பதன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சான். அனுமதி இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நம்பி உங்கள் தங்கை ஆஸ்பத்திரி லேப் வேலையை விட்டிருந்தாள், வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டாள். மூட்டை முடிச்சோடு என் அம்மா வீட்டில் போய் நின்றாள். அவர்கள் இருவருக்கும் உப்பு அளவிலிருந்து ஜன்னல் திறப்பதுவரை எதில் ஒத்துப்போயிருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். என் மகள், நம் வாலுக்கு முன்பல் விழுந்து புதுப்பல் முளைத்ததை நான் போனில்தான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். அம்மாவை வரைந்து, அவள் கையில் ஒரு போனை வரைந்து, போனுக்குள் என்னை வரைந்திருந்தாள். அதைப் பார்த்த அன்று மைதா மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். கண்ணில் மாவு விழுந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். நம்பியதாகக் காட்டிக்கொண்டார், நல்ல மனிதர்.

கடைசியில், 'தாயார் நேரில் விசாரணைக்கு வரவும்' என்று நம் ஊரில் இருக்கும் இந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து உங்கள் தங்கைக்குக் கடிதம் போனது. தனியாகப் போகப் பயந்து தயங்கியவளிடம், "இரு, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது யார் தெரியுமா, என் அம்மா. உள்ளே டை கட்டிய இளைஞர் ஒருவர், பதிவைப் பார்த்து உங்கள் தங்கையிடம் கேட்டாராம்.

"உங்க மகன் பொறந்தப்போ உங்களுக்கு என்ன வயசு?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் முதல்ல பார்க்கும்போதே அவருக்கு மீசை இருந்துச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தாராம். அப்போது அம்மா எழுந்திருக்கிறார். வெங்காய மண்டியில் ஏலம் விட்ட குரல், உங்களுக்குத் தெரியாததா?

"தம்பி, அவனைப் பெத்தவ நான். இவ அவனைக் கட்டிக்கிட்டவ. நான் பட்ட வலியை இவ பேர்ல எழுத உங்க ஆபீசுக்கு யாருப்பா அதிகாரம் கொடுத்தா?"

"அம்மா, உங்களை நான் கூப்பிடலையே."

"என்னைத்தான் கூப்பிட்டிருக்க. தாயார் வரணும்னு கடுதாசியில இருக்கா இல்லையா? தாயார் வந்திருக்கேன். எங்க கையெழுத்துப் போடணும், காட்டு."

அந்த இளைஞர் கடிதத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தானே போய் அம்மாவுக்கு நல்ல நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாராம். தாயார் பேரில் இருந்த பதிவைத் தாயாரே திருத்திக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும் வழியில் இரண்டு பேரும் பஸ்ஸில் தோளில் தோள் இடித்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள் என்று கேள்வி. பிறகு வீட்டுக்குப் போனதும் ஊறுகாய்க்கு உப்பு போதுமா என்று பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.

அனுமதி கிடைத்து அவர்கள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். வாலு தள்ளுவண்டியை விட்டுவிட்டு என்னிடம் நடந்து வந்தாள். கழுத்தை அண்ணாந்து பார்த்து, "அப்பா, நீங்க இவ்ளோ பெரிசா?" என்று கேட்டுவிட்டு, நிஜம்தானா என்று என் முழங்கையை விரலால் அழுத்திப் பார்த்தாள். உங்கள் தங்கை வந்தாள், என்னை மேலும் கீழும் பார்த்தாள், "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். பன் தின்று தின்று பழைய சட்டை ஒன்றுகூட மாட்ட முடியாத என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல, கட்டிய மனைவி ஒருத்தியால்தான் முடியும்.

சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறைகள் எங்கள் வீடு. காலையில் ஒரே குளியலறைக்கு மூன்று பேர் சண்டை போடுகிறோம். இதைவிட சந்தோஷமான சத்தத்தை நான் கேட்டதில்லை. உங்கள் தங்கைக்கு ஒரு லேபில் வேலையும் கிடைத்துவிட்டது. எல்லாத் தொல்லையும் தீர்ந்தது, இனி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. அலை உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தபால்காரர் வந்தார். குடியேற்ற அலுவலகக் கடிதம். மனைவியும் மகளும் இங்கேயே நிரந்தரமாக இருக்கலாமாம். ஆனால் எனக்குக் கொடுத்திருந்த அனுமதி தனியாக வாழும் ஆண்களுக்கானதாம். குடும்பம் வந்துவிட்டபடியால் நான் தனியாள் இல்லையாம். ஆகவே உடனே நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டுமாம். உங்கள் தங்கை படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க. எந்த ஆபீஸ்ல எந்த ஆளைப் பிடிக்கணும்னு எனக்கு இப்போ அத்துப்படி. நான் கூப்பிட்டுக்கறேன்" என்கிறாள். வாலு அதற்குள் என் பெட்டியைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டாள். ஆகவே ஒரு குறையும் இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். முகவரியை மட்டும் மாற்ற வேண்டாம். அடுத்த தபால் அட்டையை உங்கள் தங்கை பேருக்கே போடுங்கள். இந்த வீட்டின் குடும்பத் தலைவர் இனி அவள்தான்.